முப்பத்து மூன்று வீதம்

மூன்றாவது தடவையும் நெட்வேர்க் சுவிட்ச் எழும்பவில்லை. திரையில் ஒரு சொல்லும், அதன் பக்கத்தில் கண்சிமிட்டும் சின்னக் கோடும் மட்டும். கம்பனியின் எட்டுக் கிளைகளையும் கண்டி அலுவலகத்தோடு இணைக்கும் பெட்டி அது. போயா விடுமுறையில் ஆளில்லாத நேரம் பார்த்து அதன் மென்பொருளைப் புதுப்பிக்க வந்த விவேகானந்தன், நாளைக் காலை திறக்கப்போகும் எட்டுக் கிளைகளையும் ஊமையாக்கி வைத்திருந்தான்.

பிழை அவனுடையதுதான். இடம் காணாதென்று பழையதை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றினான். அது பழுதில்லாமல் வந்து சேர்ந்ததா என்று சரிபார்க்கப் பெட்டிக்கு இருபது நிமிடம் பிடிக்கும். அறையில் இருந்த ஆறு பெட்டிக்கும் பார்த்தால் இரண்டு மணித்தியாலம். இருட்டுமுன் சோதனைச்சாவடியைத் தாண்டி அம்பிட்டியவில் இருக்கும் வீட்டுக்குப் போய்விடலாமே என்று அதை விட்டுவிட்டான். ஐந்து பெட்டிகள் சொன்னபடி கேட்டன. ஆறாவது கழுத்தறுத்துவிட்டது.

பக்கத்துக் கதிரையில் காவலர் மஹ்ரூப் இருந்தார்; அவன் ‘நானா’ என்று அண்ணன் முறையில் கூப்பிடுபவர். கொழும்பில் பஸ்ஸில் குண்டு வெடித்த மறுநாளிலிருந்து இந்த அறைக்குள் எவரும் தனியே வேலைசெய்யக் கூடாதென்று உத்தரவு. எவரும் என்றால் விவேகானந்தன். கூட வேலைசெய்யும் சிங்கள நண்பன் தனியேதான் வந்து போகிறான். நடப்பதையெல்லாம் மஹ்ரூப் நேரம் போட்டுக் கொப்பியில் எழுத வேண்டும். மனிதர் சந்தேகப்படக் கூடாதென்று காலையிலிருந்து ஒவ்வொன்றையும் இவனே சொல்லிக்கொடுத்தான். “பழசை அழிக்கிறன், நானா” என்றதும் அப்படியே ஏறியிருந்தது: பன்னிரண்டு பத்து, விவேகானந்தன் அழித்தார். வாயாலேயே தனக்குக் குழி வெட்டியிருக்கிறான். கணக்குப் பகுதிப் பரமநாதனைப் போன மாதம் விசாரிக்கவென்று கூட்டிப்போனார்கள். இன்னும் வீடு திரும்பவில்லை. அவர் எதையும் அழித்தவரும் இல்லை.

ஒரு வழிதான் மிச்சம். குறுந்தட்டில் இருந்த பழைய மென்பொருளை மெல்லிய கேபிள் வழியாகச் சொட்டுச் சொட்டாகப் பெட்டிக்குள் இறக்க வேண்டும். அதற்கு இரண்டரை மணித்தியாலம். மூன்று பத்துக்குத் தொடங்கினான். நூற்றுக்கு எத்தனை வீதம் இறங்கியதென்று திரையில் எண் ஏறத் தொடங்கியது.

நாலு மணிக்கு மஹ்ரூப் சாவியை எடுத்தார்.

“நாலுக்கு ரூமைப் பூட்டிட்டு கொழும்பு ஒபிசுக்கு டெலிபோன் கோல் எடுக்கணும். ஓடர் அதுதான்.”

“நானா, இன்னும் ஒண்டே முக்கால் மணித்தியாலம் தந்தால் சரியாகிடும். இப்ப நிப்பாட்டினால் திரும்ப முதல்ல இருந்து. நாளைக்கு என்னைத்தான் பிடிப்பினம்.”

“அப்ப இது பழுதாகிட்டா?”

கரண்ட் போனதென்று பொய் சொல்ல நா எழுந்தது. பக்கத்திலேயே இருந்தவரிடம் எப்படிச் சொல்வது?

“ஓம். என்ர பிழை. வேணுமெண்டு செய்யேல்லை.”

மஹ்ரூப் கொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். “எனக்கும் புள்ளகள் ஈக்கிறாங்க, தம்பி” என்றார்.

கொப்பியை எடுத்துக்கொண்டு மஹ்ரூப் வெளியே போனார். கதவைச் சாத்தினார். சாவி இரண்டு முறை திரும்பியது.

அவனை உள்ளே வைத்தே பூட்டிவிட்டார். நேரம் தந்திருக்கிறாரா, பிடித்து வைத்திருக்கிறாரா? கதவைத் தட்டிக் கேட்கப் பயமாக இருந்தது. கதவுக் கண்ணாடிக்கு அப்பால் மஹ்ரூப் தொலைபேசியைக் காதில் வைத்து, கொப்பியை விரித்தபடி, முதுகைக் காட்டி நின்றார். என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. திரையில் முப்பத்து மூன்று வீதம் முப்பத்து நாலாகியது.