முடியாது என்று சொல்லாத கடை

ஓணத்துக்கு ஆறு நாள் இருந்தது. மருமகள் நீதுவுக்குக் கல்யாணமாகி வரும் முதல் ஓணம்; ஓணக்கோடி என்னும் புதுத்துணியை மாமியார் கையால்தான் கொடுக்க வேண்டும். பொன்னம்மைக்கு முட்டுவலி, சாலைக் கடைத்தெருவில் ஏறி இறங்க முடியாது. போனில் வந்த விளம்பரத்தில் பொன்ஜரிகைக் கரை போட்ட ஒரு கசவுப் புடவை கண்ணைப் பறித்தது. விலை நாலாயிரம். பென்ஷனில் மிச்சம் பிடித்து அவள் வைத்திருந்ததோ மூவாயிரம்தான். மகனிடம் கேட்க மனசில்லை.

பேரம் பேசாமல் வாங்குவது அவள் பரம்பரையிலேயே கிடையாது. "மூவாயிரம் தருவேன்" என்று வாட்ஸ்அப்பில் தட்டினாள்.

"ஓகே மேடம். முழு பேமென்ட் இப்பவே அனுப்புங்க."

பொன்னம்மைக்குச் சப்பென்று போய்விட்டது. இதென்ன வியாபாரம்!

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், அதே சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்கு அம்மாவோடு போய், மேலே போடும் நேரியது ஒன்றுக்கு விலை கேட்டாள். துணி எடுத்துப் போட்ட பகவதிப்பெருமாள் நூற்றிருபது என்றார். இவள் எழுபது என்றாள். "கட்டாதும்மா" என்று மடித்தார். இவள் படியிறங்கினாள். கூப்பிட்டார், விரித்தார், மறுபடியும் மடித்தார். மறுநாளும் அதே கூத்து. மூன்றாம் நாள் துணியோடு மாப்பிள்ளையும் முடிவாயிற்று. கட்டிக்கொண்ட பிறகு மட்டும் என்ன வாழ்ந்தது? கத்தரிக்காய் முதல் மகனுக்கு வைத்த பெயர் வரை, அந்த மனுஷன் முதலில் முடியாது என்பார். அப்புறம்தான் இறங்கி வருவார். அவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது.

சும்மா சீண்டிப் பார்க்க, "இரண்டாயிரம்" என்று தட்டினாள்.

"ஓகே மேடம்."

அவளுக்குச் சுருக்கென்றது. "ஐந்நூறு."

"ஓகே மேடம். சீக்கிரம் அனுப்புங்க, ஸ்டாக் தீருது."

பொன்னம்மை விரலை எடுத்துக்கொண்டாள். துணி வைத்திருப்பவனுக்கு அதை விட்டுக்கொடுக்க வயிறெரியும். எந்த விலைக்கும் தலையாட்டுகிறவனிடம் துணியே கிடையாது. இதற்குப் பெரிய படிப்பு வேண்டுமா? அந்த நம்பரை பிளாக் செய்தாள். செய்த கையோடு பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

நீது ஓடி வந்து விஷயத்தைக் கேட்டாள். "தப்பிச்சோம் அத்தை. நாளைக்கு ஆட்டோ பிடிச்சு சாலைக் கடைத்தெருவுக்கே போலாம். பைசா ஒண்ணும் போகல்லையே, பின்னே எதுக்குக் கரையுதீங்க?"

"பைசா போகல்ல மக்கா," என்றாள் பொன்னம்மை. "நான் எதைக் கேட்டாலும் முடியாதுன்னு சொல்ல ஒரு மனுஷன் இருந்தாருல்லா, அவரு போயிட்டாரே."