எட்டாம் எண் பேருந்தின் புள்ளிவிவரம்

1

இந்தக் கதை எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பக்கத்து வீட்டிலிருந்து எடுத்தேன். கேட்டு எடுக்கவில்லை. அமெரிக்காவில் டொலீடோ நகரின் வடக்கு ஓரத்தில், ஒஹாயோ மாநிலம் முடிந்து மிச்சிகன் மாநிலம் தொடங்க நான்கு வீடுகள் இருக்கும் தெருவில், பத்தொன்பது வருடமாக நானும் லோர்னா ஷிமான்ஸ்கியும் ஒரே வேலிக்கு இரண்டு பக்கம் குடியிருக்கிறோம். அவள் வீட்டு விஷயம் எனக்குத் தெரியாமல் போனால்தான் அதிசயம்.

முதல் வரிக்கு மூன்று முயற்சிகள் செய்தேன்.

"மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், லோர்னாவின் மகள் பிரின்..." (விட்டுவிட்டேன். மார்ச் என்று எழுதினால் பனியை வர்ணிக்கக் கை துறுதுறுக்கும். மூன்று பக்கம் போய்விடும்.)

"ஏரி பச்சையாக மாறிய கோடையில் பிரினுக்கு எட்டு வயது..." (நன்றாக இருக்கிறது. நான் எழுதி நன்றாக இருப்பதால் சந்தேகமாகவும் இருக்கிறது.)

"லோர்னா பேருந்து ஓட்டுகிறாள்." இதுவே இருக்கட்டும். இதில் நான் கெடுக்க ஒன்றும் இல்லை.

2

லோர்னா பேருந்து ஓட்டுகிறாள். மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து, எட்டாம் எண். வீடு ஒஹாயோவில், வேலை மிச்சிகனில். இருபத்தொரு வருடமாக ஒரு நிமிடம் தாமதித்ததில்லை.

மகள் பிரின் பள்ளியின் கடைசி வருடத்தில் இருக்கிறாள். (இரண்டாவது முயற்சி வீணாகவில்லை பாருங்கள்.) எட்டு வயதில், ஊருக்கே தண்ணீர் தரும் ஏரி பச்சையாகிக் குழாய்த் தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது என்று சொன்ன நாளில், அம்மாவோடு தண்ணீர்ப் புட்டிக்கு வரிசையில் நின்றவள். ஏன் பச்சையானது என்று அன்று கேட்டாள். யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. அதைத்தான் படிக்க வேண்டும் என்று பிடித்த பிடியை இன்னும் விடவில்லை.

இங்கே கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் ஒரு பட்டியல் போடுவார்கள். ஆசைக்கு இரண்டு, கிடைத்தாலும் கிடைக்கலாம் என்று மூன்று, எது போனாலும் இது போகாது என்று ஒன்று. கடைசியில் சொன்னதை நான் கைகாவல் கல்லூரி என்று சொல்லிக்கொள்கிறேன். பிரினின் பட்டியலில் ஆறும் அரசுப் பல்கலைக்கழகங்கள், ஆறும் வெளி மாநிலம். அடியில் ஏழாவதாக ஊர்ப் பல்கலைக்கழகத்தைப் பென்சிலால் எழுதியிருந்தாள்.

லோர்னாவுக்கு ஏழாவது தேவைப்படவில்லை. ஆறாவது, எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு மணி நேரத்தில் இருப்பது. அதுதான் அவள் கணக்கில் கைகாவல்.

"அது வெளி மாநிலம்மா," என்றாள் பிரின்.

"என்னடி பெரிய வெளி மாநிலம்? நம்ம நாய் தினம் அங்க போய்த்தான் ஒண்ணுக்கு இருந்துட்டு வருது."

"நாய் விண்ணப்பம் போடலியே."

"என் பஸ்ல வந்த பிள்ளைங்க எத்தனை பேரு அங்க சேந்திருக்காங்க தெரியுமா? அந்த டக்கர், ஆரஞ்சுத் தோல என் மண்டையில எறிவானே, அவனே போயிட்டான்! அவனுக்குக் குடுத்தவங்க உனக்குக் குடுக்க மாட்டாங்களா?"

லோர்னாவின் புள்ளிவிவரம் முழுக்க அந்தப் பேருந்திலிருந்து வந்தது. இருபத்தொரு வருடம், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், எல்லாம் கண்ணால் பார்த்தது. ஒரே ஒரு குறை. பேருந்தில் ஏறியவர்கள் அத்தனை பேரும் மிச்சிகன் பிள்ளைகள். அது அவர்கள் வீட்டுப் பல்கலைக்கழகம், சொந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்குத்தான் முதலில் இடம் தரும். பிரினுக்கு அதில் வேறு வாசல், குறுகின வாசல். பல்கலைக்கழகம் வெளியிட்டிருந்த சராசரி மதிப்பெண் மிச்சிகன் பிள்ளைகளையும் சேர்த்துப் போட்டது. நான்கு வீடு தள்ளி லோர்னா வீடு வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

(வெளி மாநிலத்தாருக்குக் கட்டணமும் கூடுதல். அதை எழுத ஆரம்பித்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு வரும்.)

3

இப்போது ஒரு பாத்திரம் வருகிறார். பெயர் ஹேவர்காம்ப்.* பள்ளியின் ஆலோசகர், வழுக்கை, நல்ல மனிதர். லோர்னா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, உருளைக்கிழங்கு வைத்த போலந்துக் கொழுக்கட்டையான பியரோகியில் ஐந்தாவதைச் சாப்பிட்டுக்கொண்டே பட்டியலைப் பார்க்கிறார்.

"ஆறாவது கண்டிப்பா கிடைக்கும். ஊர்ப் பல்கலைக்கழகம் எதுக்கு? அடிச்சிருங்க," என்கிறார்.

பிரின் அழிரப்பரை எடுக்கிறாள்.

இந்த ஹேவர்காம்ப் மேல் எனக்குச் சந்தேகம். நானூறு பிள்ளைகளைக் கவனிக்கும் ஆலோசகர் ஒரு வீட்டில் உட்கார்ந்து ஐந்து பியரோகி சாப்பிடுவாரா? அவருக்குக் கார் இல்லை, மனைவி இல்லை, வேலியைத் தாண்டி நடந்தே வந்தவர் போல...

(வாக்கியத்தை இங்கேயே விடுகிறேன். மாட்டிக்கொண்டேன்.)

* என் பல் மருத்துவரின் பெயர். அவர் மேல் எனக்குக் கோபம் உண்டு.

4

ஹேவர்காம்ப் என்று யாரும் இல்லை. பியரோகி தின்றது நான். "கண்டிப்பா" என்றதும் நான்தான்.

இரண்டு சிறுகதைத் தொகுப்பு போட்டவன். இரண்டும் சேர்ந்து எத்தனை பிரதி போயின என்று கேட்காதீர்கள். கல்லூரி விண்ணப்பத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கட்டுரையின் முதல் பத்தி. வெளி மாநிலப் பிள்ளைகளைப் பற்றி இரண்டாவது பத்தியில் இருந்திருக்கிறது. அதற்குள் பியரோகி வந்துவிட்டது. சூடாக வேறு இருந்தது.

மார்ச் முதல் வாரத்துக்குள் ஐந்து இடத்திலிருந்து இல்லை என்று வந்தது. இரண்டாம் வாரம் ஆறாவதும். லோர்னா வேலி அருகில் வந்து நின்றாள்.

"டக்கருக்குக் குடுத்தாங்க சோமு," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில்தான் ஹேவர்காம்ப் பிறந்தார்.

5

ஊர்ப் பல்கலைக்கழகம் இடம் இருக்கும்வரை விண்ணப்பம் வாங்கும். ஏரி பற்றிய படிப்பில் சில இடங்களே மிச்சம் என்றார்கள். பிரின் யாரையும் கேட்காமல் தானே போட்டாள். பதில் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு இணையத்தில் வரும்.

வியாழக்கிழமை மாலை இதுவரை எழுதியதை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். மூன்று முடிவுகளும் தயாராக வைத்திருந்தேன்.

ஒன்று: இடம் கிடைக்கிறது. வகுப்பறை ஜன்னலில் ஏரி பளபளக்கிறது. (பொய். ஏரி அங்கிருந்து பல மைல்.)

இன்னொன்று: இடம் இல்லை. ஒரு வருடம் ஏரிப் படகில் வேலை பார்க்கிறாள், அந்த வருடம் அவளுக்கு... (நிறுத்திவிட்டேன். அவளுடைய ஒரு வருடத்தை எடுத்துச் செலவு பண்ண நான் யார்?)

மூன்றாவதில் ஆறாவது பல்கலைக்கழகத்திலிருந்து தொலைபேசியில் மன்னிப்புக் கேட்கிறார்கள். இதை லோர்னாவிடம் சொன்னபோது இரண்டு வாரத்தில் முதல் முறையாகச் சிரித்தாள்.

பிரின் படித்து முடித்துத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மிஸ்டர் சோமு, இதுல என்னைவிட எங்க நாய் நல்லா வந்திருக்கு."

"அது சரிம்மா. முடிவு எதைப் போடட்டும்?"

"எதையும் போடாதீங்க."

"கதைன்னா முடிவு வேணாமா?"

"போன தடவையும் நடக்கறதுக்கு முன்னாடியே முடிவச் சொல்லிட்டீங்க. நான் அழிச்சேன்."

கோபமில்லாமல்தான் சொன்னாள். இத்தனை வருட எழுத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சரியான விமர்சனம் அது.

6

வெள்ளிக்கிழமை. மிச்சிகனில் ஒரு பள்ளியின் வாசல். எட்டாம் எண் பேருந்து காலியாக நிற்கிறது. மூன்று பத்துக்குப் பிள்ளைகள் ஏறுவார்கள், அதற்குள் நாங்கள் இறங்கிவிட வேண்டும். அம்மா பக்கத்தில் இருந்தால்தான் திறப்பேன் என்று பிரின் சொல்லிவிட்டதால் இந்த ஏற்பாடு. என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று தெரியவில்லை. தண்டனையாக இருக்கலாம்.

லோர்னா ஓட்டுநர் இருக்கையில். பிரின் முதல் வரிசையில். நான் மூன்றாவதில்.

"அது டக்கர் எடம்," என்றாள் லோர்னா திரும்பாமலே. "பொருத்தம்தான். சோமு, வாயத் தொறந்தே, எறக்கி விட்ருவேன்."

மூன்று மணி. பிரின் செல்போனில் கடவுச்சொல்லைத் தட்டினாள். தப்பு. மறுபடி தட்டினாள். திரை சுற்றிக்கொண்டே இருந்தது.

பள்ளி மணி அடித்தது. பிள்ளைகள் ஓடி வந்து கதவுக்கு வெளியே வரிசை கட்டினார்கள். மூன்று பத்து. ஒரு பொடியன் கண்ணாடியைத் தட்டினான். லோர்னாவின் கை கதவுப் பிடியில் இருக்கிறது. திறக்கவில்லை. மூன்று பதினொன்று.

பிரின் குனிந்து படிக்கிறாள். ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு பெரிய கண்ணாடி உண்டு, ஆரஞ்சுத் தோல் எறிகிறவனைக் கண்டுபிடிக்க. அதில் லோர்னா மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு இங்கிருந்து இரண்டு பின்னந்தலைகள்தான் தெரிகின்றன. எழுந்து இரண்டடி வைத்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

நான் எழுந்திருக்கவில்லை.

உங்களுக்குப் பொறுக்கவில்லை என்றால் என்னைத் தாண்டி முன்னால் போய்ப் பாருங்கள். போகும்போது அந்தப் பெண்ணிடம் "கண்டிப்பா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.