மரத்த கைக்குச் சூடு

இடுப்பு கழன்று விழுந்துவிடும்போல் இருந்தது நெட்டையனுக்கு. நாளெல்லாம் ஐஸ் கட்டி இழுத்தபோது வராத வலி, சும்மா உட்கார்ந்திருந்ததில் வந்துவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், தரையோடு சேர்த்துத் திருகி வைத்த இரும்பு நாற்காலிகள். அவன் உயரத்துக்கு அதில் காலை நீட்டினால் போகிற வருகிறவர்கள் இடறினார்கள். மடக்கினால் முழங்கால் தாடைக்கு வந்தது.

"இந்த நாற்காலிய செஞ்சவன் வாழ்நாள்ல உட்கார்ந்திருக்கவே மாட்டான் அண்ணே" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். பஸ் டிரைவர். அவருடைய அம்மா உள்ளே இருந்தார். "என் சீட்டே இதுக்குத் தேவலாம். அதுல ஸ்பிரிங் மட்டும்தான் குத்தும்."

நெட்டையன் சிரித்தான். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தங்கச்சி சிரிக்கவில்லை. அவள் கண் கதவிலேயே இருந்தது. அந்தக் கதவுக்கு உள்ளேதான் அவள் புருஷன் கிடந்தான்.

மாப்பிள்ளையும் நெட்டையனும் ஐஸ் ஃபேக்டரியில் ஒரே ஜோடி. உறைந்த ஐஸோடு இருக்கும் தகரப் பெட்டியை வெந்நீரில் முக்கிக் கவிழ்ப்பது மாப்பிள்ளை வேலை. வழுக்கி வரும் கட்டியில் கொக்கி போட்டு இழுப்பது நெட்டையன் வேலை. "மச்சான், உன்னைவிட இந்தக் கட்டிக்கு மூளை அதிகம். சொன்ன பக்கம் போகுது" என்பான் மாப்பிள்ளை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்த வம்பு நின்றதில்லை.

சாக்கடை அடைத்துக்கொண்டு தரையெல்லாம் தண்ணீர் நின்ற வாரம், மாப்பிள்ளை வெடித்த குதிகாலோடு அதில் நின்று வேலை பார்த்தான். அந்தத் தண்ணீரில் எலிகள் நீந்தின. காய்ச்சல் வந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தான். எலிக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது கண் மஞ்சளாகி, மூத்திரம் நின்று, ஆளுக்கு நினைவு தப்பியிருந்தது.

உயிரைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். ஆனால் விரல்கள் கறுத்துப் போயின.

டாக்டரம்மா சின்ன வயசு. நின்றபடியே நிதானமாகச் சொன்னாள்: "ரத்த அழுத்தம் அடியோட விழுந்திடுச்சு. அதைத் தூக்கி நிறுத்த ஒரு மருந்து போட்டோம். மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போகணும்னு அது கை கால் நுனிக்குப் போற ரத்தக் குழாயை இறுக்கும். இந்த நோய் சின்ன ரத்தக் குழாய்க்குள்ளயே ரத்தத்தை உறைய வேற வைக்குது. ரெண்டும் சேர்ந்துக்கிச்சு. எல்லாருக்கும் இப்படி ஆகாது. ரொம்ப அபூர்வம்."

"அபூர்வமா வர்றதெல்லாம் எங்க வீட்டு விலாசத்தைத்தான் விசாரிச்சுக்கிட்டு வரும் டாக்டரம்மா" என்றான் நெட்டையன்.

அவள் அதற்கும் கோபப்படவில்லை. "இடது கை விரல் அஞ்சும் போனது போனதுதான். வலது கையில மூணு போயிடுச்சு. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் இன்னும் முழுசாக் கறுக்கலை. பிழைக்க வாய்ப்பிருக்கு. எது வரைக்கும் செத்திருக்குன்னு தோலே கோடு போட்டுக் காட்டும். அதுவரைக்கும் காய்ஞ்சபடியே கிடக்கணும். யாரும் எதுவும் பண்ணக்கூடாது."

ரெண்டு விரல் போதும் என்று நெட்டையன் நினைத்தான். கொக்கியைப் பிடிக்கலாம். ஸ்பூனைப் பிடிக்கலாம். சட்டைப் பித்தானை மாட்டலாம். ஒரு ஆண்பிள்ளை இன்னொருத்தர் கையை எதிர்பார்க்காமல் கக்கூஸ் போய் வரலாம். ஆனால் எதுவும் பண்ணக்கூடாது என்றதுதான் அவனுக்கு உள்ளே இறங்கவில்லை. பிறந்ததிலிருந்து எதையாவது பண்ணியே பிழைத்த கை அவனுடையது.

பார்க்கிற நேரத்தில் ஒருத்தரைத்தான் விடுவார்கள். அன்று தங்கச்சி, "நீ போ அண்ணே. என்னால அந்தக் கையைப் பார்க்க முடியலை" என்றாள். பச்சை அங்கியும் முகமூடியும் மாட்டிக்கொண்டு போனான். மாப்பிள்ளை கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் சொருகியிருந்தது. குரல் கிடையாது. பெட்டி கவிழ்த்த தோளில் இப்போது எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. தலையைத் திருப்பவும் பலமில்லை. கண் மட்டும் கூரைக்கும் நெட்டையனுக்குமாக அலைந்தது. கிணற்றுக்குள் விழுந்தவன் மேலே எட்டிப் பார்க்கிறவனைப் பார்க்கிற பார்வை.

"என்ன மாப்பிள்ளை, படுத்துக்கிட்டே சம்பளம் வாங்கலாம்னு பார்க்கிறியா?"

உதடு அசைந்தது. சத்தமில்லை. நெட்டையன் குனிந்தான். மாப்பிள்ளை மறுபடி மெதுவாக வாயைக் கூட்டினான். குளிருது. கண் வலது கையைக் காட்டியது.

ஐஸ் ஃபேக்டரியில் கை மரத்துப் போனால் அதற்கு ஒரே வைத்தியம்தான். கம்ப்ரசரிலிருந்து கொதித்துக்கொண்டு போகும் குழாயில் கோணி சுற்றியிருக்கும். ஓடிப்போய் அதைக் கட்டிப் பிடிப்பார்கள். செத்துப்போன விரலில் முதலில் ஊசி குத்தும், பிறகு எரியும், பிறகு உயிர் வரும். எத்தனையோ தடவை மாப்பிள்ளையின் விரலை நெட்டையன்தான் அந்தக் குழாயில் வைத்து அழுத்தியிருக்கிறான். எங்க டாக்டர் இந்தக் குழாய்தான் என்று கேலி பேசியபடி.

மறுநாள் கேன்டீனில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் நிறைய வெந்நீர் வாங்கினான். துண்டைச் சுற்றினான். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். வெதுவெதுவென்று இருந்தது. அவனுடைய உள்ளங்கை கொக்கிப் பிடியில் காய்த்துக் காய்த்து மாட்டுத்தோலாகிப்போனது என்பது அந்த நேரத்தில் அவனுக்கு நினைவில்லை. அடுப்பிலிருந்து பாத்திரத்தைத் துணியில்லாமல் இறக்குகிற கை அது.

அங்கிக்குள் மறைத்துக்கொண்டு போனான். சிஸ்டர் அடுத்த கட்டிலில் வேலையாக இருந்தாள். போர்வைக்கு அடியில் பாட்டிலை வைத்து, மாப்பிள்ளையின் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் அதன்மேல் படிய வைத்து, மேலே தன் கையால் மூடிக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளையின் முகம் தளர்ந்தது. நெற்றிச் சுருக்கம் போனது. இத்தனை நாளில் முதல் தடவையாக உதடு ஓரம் இழுத்தது.

"என்ன, குழாய்கிட்ட நிக்கிற மாதிரி இருக்கா?"

விடாதே என்றது உதடு. அவன் விடவில்லை. நேரம் முடிந்தது என்று சிஸ்டர் வந்து சொல்லும்வரை அழுத்திக்கொண்டே நின்றான்.

"சிரிச்சாரு" என்று வெளியே வந்து சொன்னான். தங்கச்சி அவனை நிமிர்ந்து பார்த்தாள். பஸ் டிரைவர் நீட்டிய ரொட்டியை வாங்கித் தின்றாள்.

அடுத்த நாள் இருவரையும் சேர்த்தே உள்ளே கூப்பிட்டார்கள். நல்ல செய்தி என்று நினைத்துக்கொண்டு தங்கச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

கட்டிலருகே டாக்டரம்மா நின்றாள். சிஸ்டரின் கண் சிவந்திருந்தது. வலது கையைத் திறந்து வைத்திருந்தார்கள். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கொப்புளமாக ஊதி உடைந்து, தோல் நனைந்த காகிதம்போல் உரிந்து கிடந்தது. வாடை வந்தது.

"இது சூடு பட்ட புண்" என்றாள் டாக்டரம்மா. "நேத்து டியூட்டில இருந்தது இந்த சிஸ்டர். தான் எதுவும் வைக்கலைன்னு சொல்றாங்க."

"நான் வைக்கலை மேடம். எத்தனை தடவை கேட்டாலும் அதான்" என்றாள் சிஸ்டர். குரல் உடைந்தது.

நெட்டையன் சிஸ்டரையும் தங்கச்சியையும் மாறி மாறிப் பார்த்தான். சொன்னால் தங்கச்சி காதில் விழும். சொல்லாவிட்டால் இந்தப் பொண்ணு வேலை போகும். மாப்பிள்ளை அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனால் சொல்ல முடியாது. முடிந்தாலும் சொல்ல மாட்டான். ரெண்டு பேரையும் அந்தக் கட்டிலோடு சேர்த்துக் கட்டிப் போட்டதுபோல் இருந்தது.

"யாரைத் தண்டிக்கவும் கேட்கலை" என்றாள் டாக்டரம்மா. "எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்னு தெரிஞ்சா, எவ்வளவு ஆழம் போயிருக்கும்னு எனக்குப் புரியும். அதுக்காகத்தான்."

"நான்தான்" என்றான் நெட்டையன். "வெந்நீர் பாட்டில். பார்க்க விட்ட நேரம் பூரா வச்சிருந்தேன். என் கைக்கு வெதுவெதுப்பாத்தான் இருந்துச்சு."

டாக்டரம்மா அவன் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். "குளிர்ல மரத்த கை வேற. அதுக்குள்ள ரத்தம் ஓடும், சூட்டை வாங்கிக்கிட்டுப் போகும். இதுல ரத்தமே ஓடலை. வச்ச சூடு வச்ச இடத்துலயே நின்னு வேக வச்சிடுச்சு. இதமா இருந்தது எப்போ சுட ஆரம்பிச்சதுன்னு அவருக்குத் தெரியவும் தெரியாது. காய்ஞ்சு கிடந்தா இன்னும் காத்திருக்கலாம். இப்போ ஈரமாகிச் சீழ் வச்சிடுச்சு. இது ரத்தத்துல கலந்தா மறுபடி முதல்லேர்ந்து. இன்னொரு தடவை அவர் தாங்க மாட்டார். ரெண்டையும் எடுத்தாகணும்."

பிறகு குனிந்து மாப்பிள்ளையிடமே கேட்டாள். அவன் கண்ணை மூடித் திறந்தான். சரி என்றது உதடு.

தங்கச்சி வெளியே வந்து, நெட்டையனுக்கும் தனக்கும் நடுவே இரண்டு நாற்காலி விட்டு உட்கார்ந்தாள். ஆபரேஷன் நடந்தபோதும் அப்படியே இருந்தாள்.

"கொஞ்சம் வெளிய நடந்துட்டு வாங்க அண்ணே, மூஞ்சி வெளுத்துக் கிடக்கு" என்றார் டிரைவர். நெட்டையன் எழுந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனான். தெருவில் லாரிகள் போயின. எங்கே போக? அவளுக்கு அவனை விட்டால் நாதியில்லை. அவனைப் பார்க்கவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. திரும்பி வந்து அதே நாற்காலியில் முழங்காலை மடக்கிக்கொண்டான்.

காய்ச்சல் இறங்கியது. மூத்திரம் பிரிந்தது. மாப்பிள்ளையை வார்டுக்கு மாற்றினார்கள். கழுத்துக் குழாய்க்கு ஒரு மூடி போட்டதும் குரல் வந்தது, துருப்பிடித்த கதவுபோல.

தங்கச்சி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். நெட்டையன் கால்மாட்டில் நின்றான். பந்துபோல் கட்டுப் போட்ட இரண்டு கைகளும் போர்வைமேல் கிடந்தன.

"மச்சான்" என்றான் மாப்பிள்ளை. மூச்சு வாங்கியது. "அன்னைக்கு... ரொம்ப இதமா இருந்துச்சு."

நெட்டையன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

தங்கச்சி ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள். அத்தனை நாளுக்குப் பிறகு அன்றுதான் அவனைப் பார்த்துப் பேசினாள்.

"இவரு இதமா இருந்துச்சுன்னு சொல்லிட்டுப் போயிடுவாரு. இவரு குணம் அது. நான் அப்படி விடமாட்டேன் அண்ணே. நீ நல்லதுக்குத்தான் செஞ்சே, எனக்கும் தெரியும். ஆனாலும் கடன் கடன்தான்."

"என்ன செய்யணும் சொல்லு" என்றான்.

"செய்யறதுக்கு என்ன இருக்கு? எதைச் செஞ்சாலும் இது தீராது. அவரோட வலது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நீ தரவேண்டிய பாக்கி."