மாடி இல்லாத வீடு

"அவள் மாடிப்படி ஏறினாள்" என்று ஆர்லன் வாசித்ததும் டெலோரிஸ் கண்ணைத் திறந்தாள்.

"எந்த மாடி?"

ஆர்லன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு அந்த வரியை மறுபடி பார்த்தார். "மாடின்னுதான் போட்டிருக்கு."

"அந்த வீட்ல ஏது மாடி?"

புத்தகம் அவளுடையது. இரண்டு வாரமாக அவள் கண்ணுக்கு எழுத்து பிடிபடவில்லை. நாற்பத்தாறு வருடக் குடித்தனத்தில் ஒரு நாவலையும் தொடாத ஆர்லன் இப்போது சொல் சொல்லாக வாசித்துக்கொண்டிருந்தார். காலையில் வந்த நர்ஸ் ஜானெல் அவரைக் கதவருகே கூப்பிட்டு, "இன்னிக்கு, இல்லாட்டி நாளைக்கு" என்று சொல்லியிருந்தாள். "அவங்க பயப்படாம பாத்துக்குங்க. அது போதும்."

டெலோரிஸின் விரல்கள் போர்வையைப் பிறாண்டின.

"எந்த வீட்டைச் சொல்ற, டெல்?"

"ஹால்வர் மாமா வீடு. பெமிஜியில, ஏரிக்கரையில."

"கதை ஸ்காட்லாந்துல நடக்குது."

"நடக்கட்டும். எந்தக் கதையா இருந்தாலும் மனசுல நான் அங்கதான் வெப்பேன். சின்ன வயசுலேர்ந்து. அந்த அடுப்படியில எத்தனை கொலை நடந்திருக்கு தெரியுமா? மாமா பாவம்." மூச்சு வாங்கியது. "நீ எங்க வெக்கிற?"

"எங்கயும் வெக்கல. வாசிக்கிறேன், அவ்வளவுதான்."

"மரக்கட்டை."

முப்பத்தொரு வருடம் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். சாலையில் எந்த வீட்டுக்கு எந்தப் பக்கம் வாசல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். இந்தப் புத்தகத்தில் ஒரு வாசலும் தெரியவில்லை. வெறும் எழுத்துதான்.

"மேல கூரைதான இருக்கு?" டெலோரிஸின் குரல் கீச்சிட்டது. "அவளை எங்க கொண்டுபோய் நிறுத்திட்ட?"

"இரு, இரு. தப்பா வாசிச்சிட்டேன்." ஆர்லன் தொண்டையைச் செருமினார். "அவள் நடையைத் தாண்டி அறைக்குள் போனாள்."

"எந்தப் பக்கம்?"

அந்த வீட்டுக்கு அவர் போனது இரண்டே முறை. கல்யாணத்துக்கு முன்பு ஒருமுறை, மாமாவின் சாவுக்கு ஒருமுறை.

"இடது பக்கம்."

"அது குளிக்கிற ரூமு."

"வலது. வலதுன்னுதான் இருக்கு."

விரல்கள் நின்றன.

அடுத்த பக்கத்திலும் மாடிதான். டாக்டர் படியேறி ஓடிவந்தார். ஆர்லன் அவரை நடை வழியாக அழைத்துவந்தார். மேல் ஜன்னலைக் கீழே இறக்கி ஏரியைப் பார்க்க வைத்தார். டெலோரிஸ் தலையசைத்தாள். தைரியம் வந்து, புத்தகத்தில் இல்லாமலே, கதையில் வரும் பெண்ணை விறகு எடுக்க வெளியே அனுப்பினார். அனுப்பிய பிறகுதான் உறைத்தது, வெளியே பனி.

டெலோரிஸின் ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே நேரம் நீண்டது.

"கதவு சாத்திக்கிச்சா?"

"இல்ல. தொறந்துதான் இருக்கு."

"எந்தக் கதவு?"

பக்கத்தைப் புரட்டினார். அதில் என்ன இருக்கும்?

"பின்கதவு" என்றார்.

சரி என்றோ தப்பு என்றோ அவள் சொல்வதற்காகக் காத்திருந்தார். வெகுநேரம் காத்திருந்தார்.

நான்கு மணிக்கு ஜானெல் வந்தாள். டெலோரிஸின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, மெதுவாகக் கீழே வைத்தாள்.

"எப்போ, ஆர்லன்?"

"ஒரு நிமிஷம்" என்றார். "அவ இன்னும் வெளியதான் நிக்கிறா."

யார் என்று ஜானெல் கேட்கவில்லை. கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

புத்தகம் அவர் மடியில் மூடிக் கிடந்தது. அந்தப் பெண் பின்கதவு வழியாக உள்ளே வந்தாள் என்று ஆர்லன் சொன்னார். விறகை அடுப்போரம் போட்டாள். பூட்ஸைத் தரையில் தட்டினாள். பிறகு கோட்டைக் கழற்றி, வலது பக்கச் சுவரில், ஹால்வர் மாமாவின், காதை மூடும் மடல் வைத்த பழைய பச்சைத் தொப்பி தொங்கிய ஆணிக்கு அடுத்த ஆணியில் மாட்டினாள்.