பையில் வந்த மீட்டர் போர்டு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் தங்கச்சிக்கு நன்றாகத் தெரியும். அதனால் என் மெக்கானிக் பட்டறைக்குள் காரை நிறுத்தியதும் அவளே முந்திக்கொண்டாள்.

"அண்ணா, முதல்ல கத்தாதே. மூணு நாளா மஞ்ச லைட்டு எரியுது, எஞ்சின் படம் போட்டது. ரெண்டு மணிக்கு டூட்டி. சீக்கிரம் பாத்துக் குடு."

"மூணு நாளாவா?" என்று கத்தினேன்.

"சிவப்பு எரிஞ்சாத்தான் நிறுத்தணும்னு நீதானே சொன்ன?"

"சிவப்புக்கு வண்டிய நிறுத்தச் சொன்னேன். மஞ்சளுக்கு இங்க வரச் சொன்னேன்."

பன்னிரண்டு வருஷத்துப் பழைய கார். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கிற வேலை கிடைத்ததும் வாங்கினாள். தினமும் போக அறுபது கிலோமீட்டர், வர அறுபது, எல்லாம் ஹைவே. பழைய கார் விற்கிற ஒரு புரோக்கரிடம் அவளை அனுப்பியதே நான்தான். "நம்ம ஆளு, கண்ண மூடிக்கிட்டு வாங்கு" என்றேன். வாங்குகிற அன்று எஞ்சின், பிரேக், டயர் எல்லாம் நானே பார்த்தேன். ஸ்டார்ட் பண்ணியதும் எல்லா விளக்கும் ஒழுங்காக அணைந்தன. அத்தோடு திருப்தியாகிவிட்டேன்.

ஸ்கேனரைச் செருகினேன். பெட்ரோல் டேங்கிலிருந்து ஆவி கசிகிறது என்று காட்டியது. போய்ப் பார்த்தால் மூடி பாதிதான் திருகியிருக்கிறது.

"ஊரு ரத்தத்த எல்லாம் பாட்டில்ல அடைக்கிறே, இந்த மூடிய மூடத் தெரியல? டக்குனு சத்தம் வர்ற வரைக்கும் திருகணும்."

"சரி சரி, பெரிய டாக்டர்."

பழுதை அழித்துவிட்டு, "ஸ்டார்ட் பண்ணாதே, சாவிய மட்டும் போடு" என்றேன். போட்டாள். அந்த நேரம் பார்த்து அவளுக்குப் போன் வந்தது. ஷிப்ட் மாற்றிக்கொள்வது பற்றி யாரோ ஒருத்தி பேச்சை இழுத்துக்கொண்டே போனாள். நான் ஜன்னலில் கையை ஊன்றி விளக்குகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு இப்படிப் பொறுமையாக நிற்க வராது. சாவியைப் போட்ட கையோடு ஸ்டார்ட் பண்ணிவிடுகிற ஆள் நான்.

பிரேக் விளக்கு தானாக அணைந்தது. ஏர்பேக் விளக்கு அணையவில்லை. தன்னைத்தானே சோதித்துக்கொண்டு ஆறேழு நொடியில் அணைந்துவிட வேண்டிய விளக்கு அது. ஒரு நிமிஷம் ஆகியும் எரிந்தது. தங்கச்சி போனை வைத்துவிட்டுப் பழக்கத்தில் ஸ்டார்ட் பண்ணினாள். எஞ்சின் ஓடினால்தான் அணைகிற ஆயில் விளக்கும் இந்த ஏர்பேக் விளக்கும் ஒரே நேரத்தில் அணைந்தன.

காரின் கதவைத் திறந்தேன்.

"ஆஃப் பண்ணு."

"ஏன்? எல்லாம் அணைஞ்சிடுச்சே?"

"இறங்கு நீ."

நாலு ஸ்குரூவைக் கழற்றி, இந்த விளக்கெல்லாம் இருக்கிற மீட்டர் போர்டை வெளியே இழுத்தேன். பின்பக்கம் ஆயில் விளக்கிலிருந்து ஏர்பேக் விளக்குக்கு ஒரு நீல ஒயர் ஓடியது. சாலிடர் வைத்த இடத்துக்கு முன்னால் ஒரு குட்டி முடிச்சு. ஒயர் பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க நான் போடுகிற முடிச்சு. இந்தத் தொழிலில் வேறு யாரும் அதைப் போடுவதில்லை, என்னைக் கேலிதான் செய்வார்கள்.

புரோக்கர் என்னிடம் வண்டியைக் கொண்டுவருவதில்லை. மீட்டர் போர்டை மட்டும் ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவருவான். "ஏர்பேக்கெல்லாம் நல்லாத்தான் இருக்குண்ணே, லைட்டுதான் சும்மா எரிஞ்சு தொலைக்குது" என்பான். நான் நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

"என்னண்ணா அது?"

"எவனோ ஏமாத்தியிருக்கான். ஏர்பேக் கெட்டுப் போனது தெரியாம இருக்க லைட்டு அணையற மாதிரி ஒயர் குடுத்திருக்கான்."

"அடப்பாவி! அவன் கை விளங்காமப் போக!"

அந்தக் கையில்தான் ஸ்பேனர் இருந்தது.

ஏர்பேக் இருக்கிற ஸ்டியரிங்கைத் திறந்தே பார்த்துவிட வேண்டும் என்று பேட்டரியைக் கழற்றினேன். கழற்றியபின் பத்து நிமிஷம் தொடக்கூடாது, மிச்சமிருக்கிற கரண்டில் ஏர்பேக் வெடித்துவிடும். அந்தப் பத்து நிமிஷம் என்னைக் கொன்றது. அழுக்கே இல்லாத கையைப் போய்க் கழுவினேன். வாசல் வரை போய்த் திரும்பினேன். போர்டைக் கவிழ்த்து வைத்தேன், பிறகு நிமிர்த்தினேன். ஒயரை வெட்டிக் குப்பையில் போட்டால் முடிந்தது, இவளுக்கு எதுவும் தெரியாது. அவளோ மணியைப் பார்த்துக்கொண்டு அந்த முகம் தெரியாதவனைத் திட்டிக்கொண்டே இருந்தாள்.

ஸ்டியரிங்கின் நடு மூடி கையோடு வந்துவிட்டது. எடையே இல்லை. உள்ளே ஏர்பேக் இல்லை. மடித்துத் திணித்த கார்ப்பெட் துண்டு ஒன்று இருந்தது.

தங்கச்சி அதை எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். ரெண்டு மாதமாக அவள் நெஞ்சுக்கு நேராக இருந்தது அது.

"நான்தான்" என்றேன்.

"என்ன நான்தான்?"

"அந்த ஒயர் குடுத்தது. புரோக்கர் போர்ட மட்டும் கொண்டு வந்தான். யாரு வண்டின்னு கேக்கல. உன்கிட்ட வரும்னு சத்தியமாத் தெரியாது."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

"என்கிட்ட வரும்னு தெரிஞ்சிருந்தா செஞ்சிருக்க மாட்டே. சரி. இந்த மாதிரி இன்னும் எத்தனை போர்டு?"

எண்ணிப் பார்த்தேன். ஒன்பது வரைக்கும் போனேன், அதற்குமேல் குழம்பிவிட்டது. ஒரு வண்டியின் நிறம்கூட எனக்குத் தெரியாது. என் மேஜைக்கு வந்ததெல்லாம் போர்டுதான்.

"அவனுக்குப் போன் போடு" என்றாள். "ஒவ்வொண்ணும் யாரு வீட்டுக்குப் போச்சுன்னு கேளு. நான் டூட்டிக்கு லீவு சொல்லிக்கிறேன்."

போட்டேன். அவளே கையை நீட்டி ஸ்பீக்கரை அழுத்தினாள். ரெண்டாவது மணியிலேயே புரோக்கர் எடுத்துவிட்டான்.

"சொல்லுங்கண்ணே! நூறு ஆயுசு உங்களுக்கு. இப்பத்தான் ஒரு போர்ட கழட்டிப் பையில வெச்சேன். எப்பவும் போலத்தான். கொண்டு வரட்டுமா?"

தங்கச்சி கார்ப்பெட் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.