வலது கால்

மருந்தடிக் கேப்டன் என்றால் பயிற்சி நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும். வயல்களுக்குப் பூச்சிமருந்து தெளிக்கும் புரொப்பெல்லர் விமானத்தை அரை ஆயுள் ஓட்டியவர். மின்கம்பிக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் வந்தவர். முதல் நாள் அவருடைய அனுபவத்தைக் கேட்ட பயிற்சி அதிகாரி எழுந்து நின்று கை கொடுத்தார். மறுநாள் அவர் பயணிகள் ஜெட் ஓட்டியதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

கோளாறு வலது காலில். புரொப்பெல்லர் விமானம் கிளம்பும்போது இடதுபக்கம் இழுக்கும். வலது பெடலை மிதித்தபடியே இருந்தால்தான் நேராக ஓடும். ஜெட் தானே நேராக ஓடும். காலுக்கு யார் சொல்வது? எஞ்ஜின் விசையை முன்னே தள்ளியதுமே மிதித்தது. விமானம் ஓடுபாதையை விட்டுப் புல்லில் இறங்கியது. நல்லவேளை, சிமுலேட்டர். விமானமும் பொய், புல்லும் பொய். அவமானம் மட்டும் அசல்.

"கேப்டன், புல்லுக்கு மருந்தடிச்சு முடிச்சாச்சுன்னா பாதைக்கு வரலாமா?"

"கால் தானாப் போகுது சார்."

"நேத்து காலேஜ் முடிச்ச பொண்ணு நூல் பிடிச்ச மாதிரி ஓட்டுது. அனுபவமே இல்ல, குடுத்துவெச்சவ!"

இரண்டு தேர்வு போயிற்று. மூன்றாவதும் போனால் வீடு. பழைய வேலையும் இல்லை. அங்கே இப்போது டிரோன் மருந்தடிக்கிறது. போதாததற்கு, மாப்பிள்ளை ஓட்டும் முதல் பயணத்தில் தனக்கு ஜன்னலோர இருக்கை வேண்டும் என்று மாமனார் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

"சாப்பிடும்போதுகூட மேஜையை மிதிக்கிறீங்க. என்ன, மேஜை கிளம்பப் போகுதா?" என்றாள் மனைவி. "ஷூவுக்குள்ள விரலை மடக்கி வெச்சுக்குங்க. அப்ப மிதிக்க வராது."

மூன்றாம் தேர்வில் விரல்களை மடக்கிக்கொண்டார். ஓடுபாதையின் நடுக்கோட்டில் விமானம் சமர்த்தாக ஓடியது. அதிகாரிக்கே ஆச்சரியம். மூக்கு மேலே எழும்பிய நொடியில் அவர் சத்தமில்லாமல் இடது எஞ்ஜினை அணைத்தார். அதுதான் தேர்வு. விமானம் இடதுபக்கம் வெட்டி இழுத்தது. மடக்கிய விரல்கள் விடுபட்டன. வலது கால் பாய்ந்து மிதித்தது. விமானம் நேரானது.

"அடேங்கப்பா! இவ்வளவு சீக்கிரம் யாரும் மிதிச்சதில்ல. இதுக்குப் பேர்தான் கேப்டன் அனுபவம்!"

மருந்தடியாருக்கு வேர்த்துக் கொட்டியது. எந்த எஞ்ஜின் போனது என்று அவர் பார்க்கவே இல்லை. மிதித்த பிறகுதான் பார்த்தார். வலது எஞ்ஜின் போயிருந்தாலும் அந்தக் கால் அதையேதான் செய்திருக்கும். விமானம் குப்புறக் கவிழ்ந்திருக்கும்.

"சார், வலது எஞ்ஜினையும் ஒருதரம் அணைச்சுப் பாத்துடலாமே."

"பாஸானவர் கேக்கிற கேள்வியா இது? எழுந்திருங்க, அடுத்த ஆள் காத்திருக்காங்க."

வெளியே காரில் மனைவி காத்திருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"பாஸ்."

"அப்பாடா! முதல் பயணத்துக்கு நானும் அப்பாவும் வரோம்."

அவர் ஏறி உட்கார்ந்தார். அவள் காரைக் கிளப்பினாள். அவருடைய வலது கால் தரையை மிதித்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீ வேண்டாம். உங்கப்பாவை மட்டும் அனுப்பு."