இறங்க மறுத்த நாற்றுகள்

கழிமுகத்துக் கண்டல் மரங்களிலிருந்து உதிர்ந்த நாற்றுகள் அந்த வருடம் சேற்றைத் தொட்ட வேகத்தில் திரும்ப மேலேறி, தாய்மரத்துக் காம்பிலேயே ஒட்டிக்கொண்டன. கண்டல் மற்ற மரங்களைப் போல விதையை உதறிவிட்டுப் போகாது. கிளையிலேயே முளைக்கவிட்டு, வளர்ந்த பிள்ளையாகத்தான் இறக்கிவிடும். அப்படி இறங்கியவை வீடு திரும்பியதை முதலில் பார்த்தவள், கண்டல் கன்று வளர்த்து ஊன்றும் நாற்றங்கால்காரி. அவளுக்கு அப்போது நிறைமாதம். போன வருடம் அவள் ஊன்றியதெல்லாம் வேர் கறுத்து, இலை சுருண்டு செத்திருந்ததால் அவளுக்கு ஆச்சரியம் வரவில்லை. வயிறுதான் எரிந்தது.

காரணம் ஊருக்கே தெரியும். ஒரு பக்கம் முலாம் பட்டறை ஈயத் தண்ணீரை விட்டது, மறுபக்கம் கப்பல் கழுவுகிறவர்கள் எண்ணெய்க் கசடை விட்டார்கள். விசாரிக்க இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். உலோகம் பார்ப்பவர் உலோகம் அளவுக்குள்தான் என்றார். எண்ணெய் பார்ப்பவர் எண்ணெய் அளவுக்குள்தான் என்றார்.

"ரெண்டும் ஒண்ணா சேந்துதானே சார் வேரைக் கொல்லுது? சேத்துப் பாருங்களேன்" என்றாள் நாற்றங்கால்காரி.

"அதுக்குத் தனிப் பிரிவு கிடையாதும்மா."

"அப்ப செடியை ஈயத்துக்கு ஒரு தடவை, எண்ணெய்க்கு ஒரு தடவைன்னு தனித்தனியா சாகச் சொல்லுங்க!"

முலாம் பட்டறையில் வேலை பார்த்த புருஷன், வாயை வெச்சிக்கிட்டு சும்மா இரேண்டி என்று கெஞ்சினான். வந்த ஆத்திரத்தில் அவள் தன் வயிற்றில் ஓங்கித் தட்டி, "நீயும் கேட்டுக்க. இந்தத் தண்ணி நல்லாகாம வெளிய வந்துடாத" என்றாள்.

பாவி மகள் வேறெதையாவது சொல்லியிருக்கக் கூடாதா! பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டது. தேதி தாண்டியது, வருடமும் தாண்டியது. டாக்டர் அறுத்து எடுக்கப் பார்த்தார். கத்திக்குப் பிடி கொடுக்காமல் அது உள்ளே தள்ளிப் போனது. கோவத்துல சொன்னேன்டா கண்ணு, வந்துடு என்று அவள் அழுதாள். தண்ணி நல்லாயிடுச்சாம்மா என்று பிள்ளை உள்ளிருந்தே கேட்டது. பெற்ற பிள்ளையிடம் எப்படிப் பொய் சொல்லுவாள்? பட்டறை இரண்டு மாடி ஏறியது, அதிகாரிகளுக்குப் பதவி உயர்வு வந்தது. அந்த நாசமாய்ப் போனவர்களின் பிள்ளைகள் மட்டும் நேரத்துக்குப் பிறந்து கொழுகொழுவென்று வளர்ந்தார்கள்.

பள்ளி வயது ஆனதும் வயிற்றுப் பிள்ளையையும் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். முதல் பெஞ்சில் அவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஆசிரியை பெயர் கூப்பிட்டார்.

"உள்ளேன் அம்மா" என்றது பிள்ளை, வயிற்றுக்குள்ளிருந்து.

ஆசிரியை அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.